யாருக்கு அந்த வாசல்?

தமிழ் சினிமா இயக்குநர்களின் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதை இருக்கிறது. ஊரிலிருந்து ஓர் இளைஞன் கையில் ஒரு பையோடு எழும்பூரில் வந்து இறங்குவான். தன் ஆதர்ச இயக்குநரின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பான். காவலாளி விரட்டுவார். மறுநாளும் வந்து நிற்பான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வான். அதற்கும் காசில்லாத நாளில் பூங்கா பெஞ்சில் படுப்பான். ஒருநாள் இயக்குநரின் கார்க் கண்ணாடி இறங்கும். "என்னப்பா, தினமும் இங்கயே நிக்கறே?" அந்தக் கேள்வியோடு அவன் வாழ்க்கை திசை திரும்பிவிடும்.

நெகிழ்ந்துபோய்ப் படிக்கிறோம். கல்லூரி மேடைகளில் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அதே கதையில் இளைஞன் என்ற சொல்லை எடுத்துவிட்டு இளம்பெண் என்று போட்டுப் பாருங்கள். எழும்பூரில் பையோடு தனியாக இறங்குபவள் 'ஓடிவந்தவள்'. மேன்ஷனில் அவளுக்கு அறை கிடையாது. பூங்கா பெஞ்சில் படுத்தால் விடிவதற்குள் என்னென்ன நடக்கும் என்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. இயக்குநர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றால், இவளுக்கும் அவருக்கும் என்ன என்று தெரு பேசும். கார்க் கண்ணாடி ஒருவேளை இறங்கினாலும், பிறகு அவள் எத்தனை நல்ல படம் எடுத்தாலும், அது எதற்காக இறங்கியது என்பதே ஊருக்குப் பேச்சாக இருக்கும்.

வாசலில் நின்ற ஆண்கள் பட்ட பசி பொய் என்று நான் சொல்லவில்லை. பலர் ஏழைகள்; பரிந்துரைக்க ஆளில்லாதவர்கள். ஆனால் அந்தப் பசியை ஒரு தகுதித் தேர்வாக மாற்றிவிட்டது திரைத்துறை. அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது? கதை சொல்லும் திறனையா? வீட்டைவிட்டு வெளியேறி, தெருவில் தூங்கி, வருமானமே இல்லாமல் ஐந்து வருடம் காத்திருக்க யாருக்குச் சமூகம் அனுமதி தருகிறது என்பதைத்தான் சோதிக்கிறது. தேர்வு முடிந்ததும், "பெண்கள் யாரும் வரவே மாட்டேங்கறாங்களே" என்று கைவிரிக்கிறது.

ரசிகர்கள் எழுதும் கடிதத்தையும் கவனியுங்கள். ஓர் ஆண் தன் ஆதர்ச இயக்குநருக்கு ஐம்பது கடிதம் எழுதினால் அவன் வெறியன்; அது பெருமைக்குரிய பட்டம். பின்னாளில் அவன் இயக்குநரானால் குருவே மேடையில் அந்தக் கடிதங்களை நினைவுகூர்வார். ஒரு பெண் எழுதினால் அவள் ரசிகை. அவள் கேட்டது ஷாட் பிரிப்பைப் பற்றியாக இருக்கும். படிப்பவர் கண்ணுக்கு அது காதல் கடிதமாகத் தெரியும். கடிதம் இன்று இன்ஸ்டாகிராம் செய்தியாக மாறியிருக்கிறது. தன் குறும்படத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு, "நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா சார்?" என்று கேட்கிறாள் ஒரு மாணவி. படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், "டிபி நல்லா இருக்கே" என்று பதில் வருமானால், அந்தப் பெண்ணின் கலை அங்கே பார்க்கப்படவே இல்லை. பார்க்கப்பட்டது அவள் மட்டும்தான்.

அப்படியென்றால் பெண்கள் இயக்கவே இல்லையா? இயக்கினார்கள். டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே 'மிஸ் கமலா'வை இயக்கினார், தயாரித்தவரும் அவரே. 1953இல் 'சண்டிராணி'யை இயக்கிய பானுமதிக்கு, கணவரோடு சேர்ந்து நடத்திய பரணி பிக்சர்ஸ் இருந்தது. இருவரும் அதற்குள் புகழ்பெற்ற நடிகைகள். அவர்களின் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவர்கள் யார் வாசலிலும் நின்று இயக்குநரானவர்கள் இல்லை. வாசலே அவர்களுடையதாக இருந்தது. 1980களில் ஒளிப்பதிவுக்கு வந்து வழிகாட்டிய பி.ஆர். விஜயலட்சுமி, இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். சொந்தக் கம்பெனியும் சினிமாக் குடும்பமும் இல்லாத ஒரு பெண், திருவாரூரிலிருந்தோ தேனியிலிருந்தோ கதையோடு கிளம்பினால் எந்தக் கதவைத் தட்டுவாள்?

"சுதா கொங்கரா வரவில்லையா?" என்பார்கள். வந்தார். மணிரத்னத்திடம் பல ஆண்டுகள் உதவி இயக்குநராக உழைத்து, 'இறுதிச்சுற்று', 'சூரரைப் போற்று' எடுத்தார். அவர் சாதனையை நாம்தான் அதிகம் கொண்டாடுகிறோம். ஆனால் எப்போது கேட்டாலும் அதே இரண்டு மூன்று பெயர்கள்தான் பதிலாக வருகின்றன என்றால், அந்தப் பதிலே நம் குற்றச்சாட்டுக்குச் சான்று. ஆண் இயக்குநர்களைப் பற்றி யாரும் இப்படி விரல்விட்டு எண்ணிக் காட்டுவதில்லை.

வாசலைத் தாண்டி உள்ளே போனவளுக்குக் காத்திருப்பது கதை கேட்கும் அறை. உலகத்தில் எழுதிய பிரதியைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். நம் திரைத்துறையில் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம், மூடிய அறையில், ஏற்ற இறக்கத்தோடு, காதல் காட்சியும் படுக்கையறைக் காட்சியும் உட்பட, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஓர் ஆணின் முன்னால் நடித்துக் காட்ட வேண்டும். டிஸ்கஷன் என்பது ஓட்டல் அறையில் நடக்கும். இரவு பதினொரு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். மேசையில் பாட்டில் இருக்கும். கிளம்பினால் "இவளுக்கு டெடிகேஷன் இல்லை". இருந்தால் "இவள் எதற்கும் தயார்". இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பெயர் அங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

வாயால் சொல்லும் இந்த வழக்கம் கதையையும் காப்பாற்றுவதில்லை. ஒரு கருத்துக்கோ கதைக்கருவுக்கோ காப்புரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதாமல் சொன்ன கதை காற்றோடு போனது. 2018இல் 'சர்கார்' வெளிவருமுன் ஓர் எழுத்தாளர் அந்தக் கதைக்கு உரிமை கோரினார். அவர் தன் கதையை எழுத்தாளர் சங்கத்தில் முன்பே பதிந்து வைத்திருந்தார். அதனால்தான் விஷயம் நீதிமன்றம்வரை போய், சமரசமாகி, படத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. பதிவும் சங்கமும் துணையிருந்த ஓர் ஆணுக்கே இவ்வளவு போராட்டம். ஓட்டல் அறையில் கதை சொல்லிவிட்டு நடுவில் எழுந்து ஓடிவந்த பெண், பிறகு அந்தக் கதையைத் திரையில் பார்த்தால் எங்கே போய்ச் சொல்வாள்? "நீ எதற்கு அங்கே போனாய்?" என்பதுதானே முதல் கேள்வியாக இருக்கும்?

பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2018இல் மீ டூ இயக்கத்தின்போது வெளிப்படையாகப் பேசிய சின்மயி, அடுத்த மாதமே டப்பிங் கலைஞர்கள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். தேசிய விருது பெற்ற பாடகிக்கே இந்தக் கதி என்றால், நேற்று பஸ் ஏறி வந்தவள் வாயைத் திறப்பாளா?

கேரளத்தில் பெண் கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டதால் 2017இல் நீதிபதி ஹேமா குழு அமைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் கொடுத்த அறிக்கை, தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் பல பக்கங்கள் நீக்கப்பட்டு வெளிவந்தது. வாய்ப்புக் கேட்கும் இடத்திலேயே 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரண்டு சொற்கள் பெண்கள்முன் வைக்கப்படுவதை அது பதிவுசெய்தது. படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறைகூட இல்லாததைப் பதிவுசெய்தது. தமிழ்நாட்டில் பக்கங்கள் நீக்கிய அப்படியோர் அறிக்கைகூட நம் கையில் இல்லை.

சட்டம் இல்லாமலில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார் தரலாம் என்கிறது. வாய்ப்புக் கேட்டுப் போனவளுக்கும் அது பொருந்தும் என்பதே இதன் பொருள். சம்பளம் இல்லாத பயிற்சி உதவியாளரும் அதன் கணக்கில் பணியாளர்தான். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். பத்துப் பேர் இல்லாவிட்டாலும், முதலாளிமீதே புகார் என்றாலும், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். இந்த நான்கு வரிகளை ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கும் சினிமா அலுவலகம் எத்தனை?

"தெரியாதவர்களிடம் கதை கேட்டால் நாளைக்குத் திருட்டுக் குற்றச்சாட்டு வரும், அதனால்தான் கதவை மூடி வைக்கிறோம்" என்று இயக்குநர்கள் சொல்வதுண்டு. நியாயமான பயம்தான். ஆனால் முன்கதவை மூடியதால் கதைகள் வருவது நின்றுவிடவில்லை. நண்பரின் தம்பி, மேனேஜரின் ஊர்க்காரர், ரசிகர் மன்றத்துப் பையன் என்று பின்வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. டீக்கடையிலும் மதுக்கூடத்திலும் உருவாகும் அந்தச் சிநேகங்களுக்குள் பெண் இல்லை. திருட்டுப் பயத்துக்குச் சரியான மருந்து எழுத்தும் தேதியும் ரசீதும்தான். அவை பெண்ணுக்கும் பாதுகாப்பு, இயக்குநருக்கும் பாதுகாப்பு.

எனவே நாம் கேட்பது கருணையை அல்ல, நடைமுறையை. கதையை எழுத்தில் வாங்குங்கள். கிடைத்தது என்று தேதியோடு பதில் போடுங்கள். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்கள். நேரில் கேட்டே ஆக வேண்டுமென்றால் அலுவலகத்தில், பகலில், இன்னொருவர் உடனிருக்கக் கேளுங்கள். உதவி இயக்குநருக்கு முதல் நாளிலிருந்து எழுத்தில் ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் கொடுங்கள். பேட்டாவும் சாப்பாடும் போதும் என்றால், அப்பா அம்மாவின் பணத்தில் வாழ முடிந்த ஆண்கள்தான் மிஞ்சுவார்கள். புகார்க் குழுவின் பெயர்களையும் தொலைபேசி எண்ணையும் வாசலிலேயே எழுதி வையுங்கள்.

கதையோடு காத்திருக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எழுதுங்கள், எழுதியதைப் பதியுங்கள், மின்னஞ்சலில் அனுப்பித் தடயம் வைத்துக்கொள்ளுங்கள். இவை உங்கள் கதைக்கான பாதுகாப்பு. ஆனால் இதையெல்லாம் செய்யாமல் ஓர் அறைக்குள் போய்விட்டீர்கள் என்பதற்காக, அங்கே நடந்ததற்கு நீங்கள் பொறுப்பாகிவிட மாட்டீர்கள். கதை சொல்லத்தானே போனீர்கள்.

பேட்டி எடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெரிய இயக்குநர் தான் வாசலில் நின்ற கதையைச் சொல்லி முடித்ததும் கைதட்டிவிட்டு, இதையும் கேளுங்கள்: இப்போது உங்கள் வாசலில் யார் நிற்கிறார்கள்? கதை அனுப்ப முகவரி என்ன? அதை யார் படிக்கிறார்கள்? உங்கள் உதவியாளர்களில் எத்தனை பேர் பெண்கள்? அவர்களுக்கு மாதம் எவ்வளவு தருகிறீர்கள்?