ஈரல் புற்றுக்குக் காளான் தூளா?



லயத்துக்கு லயம் ஒரு டப்பா சுற்றி வருகிறது. லிங்ஸி காளான் தூள், மாத்திரை, காப்பி என்று அதற்குப் பல உருவம். "இதுல பாலிசாக்கரைட் இருக்கு, வளர்ச்சிக் காரணி இருக்கு, ஈரல் கேன்சரே கரைஞ்சிடும்" என்கிறார் விற்பவர். சரியாகச் சம்பள நாளில் வருகிறார், தவணைக்கும் கொடுக்கிறார். "ஐயா, வாங்கலாமா?" என்று மருந்தகத்தில் என்னைக் கேட்கிறீர்கள். என் பதில் இதுதான்: ஈரல் புற்றுக்காக அதை வாங்காதீர்கள். ஏன் என்றும் சொல்கிறேன்.

பாலிசாக்கரைட் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சர்க்கரைத் துகள்கள் சங்கிலிபோல் கோத்து நிற்பதுதான் அது. நாம் தின்னும் சோற்றின் மாவுச்சத்தும் ஒரு பாலிசாக்கரைட்தான். காளானில் இருப்பது பீட்டா குளுக்கான் என்ற வேறு வகை. அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை. 1969ல் ஜப்பானில் கோரோ சிஹாரா குழுவினர் ஷிடாக்கே காளானிலிருந்து எடுத்த பொருளால் எலிகளின் கட்டி வளராமல் நிற்பதைக் கண்டார்கள். அந்தக் காளானிலிருந்து வந்த லெண்டினான் மருந்தை 1985ல் ஜப்பான் அனுமதித்தது. எதற்கு? வயிற்றுப் புற்றுக்கு, கீமோ மருந்தோடு சேர்த்து, ஊசியாக. ஈரல் புற்றுக்கு அல்ல, தனி மருந்தாகவும் அல்ல, காப்பியில் கலக்கவும் அல்ல. விற்பவர் இந்த மூன்றையும் விழுங்கிவிட்டுப் பேசுகிறார்!

லிங்ஸியை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளைக் காக்ரேன் ஆய்வுக் குழு 2016ல் ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. புற்றுக்கு முதல் சிகிச்சையாகக் கொடுக்க ஆதாரம் போதாது, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக வேண்டுமானால் யோசிக்கலாம் என்றது. இன்னொன்றும் கேளுங்கள். லிங்ஸித் தூள் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களைப் பற்றி ஹாங்காங், தாய்லாந்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே நொந்த ஈரலுக்கு இது தேவையா?

அடுத்தது வளர்ச்சிக் காரணி. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மறுபடி வளரும். 'வளரு' என்று கட்டளை கொடுக்கிற புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். ஆனால் புற்றுக்கட்டியும் இதே கட்டளையைத்தான் தனக்குப் பயன்படுத்துகிறது. புது இரத்தக் குழாய் முளைக்கச் செய்து தனக்குச் சாப்பாடு இழுத்துக்கொள்கிறது. ஆகவே டாக்டர்கள் அந்தக் கட்டளையைத் தடுக்கிறார்கள். சோராஃபெனிப் மாத்திரை அப்படிப்பட்டது. முற்றிய ஈரல் புற்று உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமானது என்று 2008ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. பெவாசிசுமாப் ஊசியும் அதே வழிதான். அதை அட்டெசோலிசுமாப் என்ற இன்னொரு ஊசியோடு சேர்த்தால் சோராஃபெனிப்பைவிட நல்ல பலன் என்று 2020ல் தெரிந்தது. டாக்டர் பூட்டுகிற கதவை டப்பாக்காரர் திறக்கச் சொல்கிறார். நல்ல வேளை, வாயால் விழுங்கும் புரதம் மீன், முட்டைபோல வயிற்றில் செரித்துப் போகும். காசு மட்டும் திரும்பி வராது.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்பது நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டம். வாயால் சொல்வதை டப்பாவில் அச்சடிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். டப்பா வாசலுக்கு வருகிறது. ஆஸ்பத்திரிக்கோ ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, வண்டி பிடித்துப் போக வேண்டும். அதனால்தான் அவர் ஜெயிக்கிறார். தொழிலாளர்களின் இரத்தப் பரிசோதனைக்கு வண்டியும் சம்பளத்தோடு ஒரு நாளும் கொடுங்கள் என்று தோட்ட நிர்வாகங்களிடம் சங்கம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 1989ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி.

2. கிருமி இருந்தால் பயந்து ஒளியாதீர்கள். அடக்கி வைக்க மாத்திரை உண்டு. டாக்டர் சொன்னால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஈரலை ஸ்கேன் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஈரல் புற்று வலிக்காது. சிறியதாகப் பிடித்தால் வெட்டி எடுக்கலாம்.

3. சம்சுவை விடுங்கள். பூசணம் பிடித்த கச்சானைக் கழுவித் தின்னாதீர்கள், வீசுங்கள். அந்தப் பூசண விஷமும் ஈரல் புற்றைக் கொண்டுவரும்.

4. ஏற்கெனவே தூள் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள். தூளை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தவே கூடாது.

காளானைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கறிதான். மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.