துப்பாக்கி உரிமமும் வாரிசு என்ற சொல்லும்

தர்மபுரி மாவட்டத்தின் காட்டோர ஊர்களில், பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் கோருவது புதிதன்று. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, விண்ணப்பதாரர் குறித்துக் காவல் நிலையத்தின் அறிக்கை கேட்கப்படும். இச்சோதனை தேவையானதே.

எனினும், உரிமதாரர் இறந்தாலோ 70 வயதை எட்டினாலோ, அவருடைய சட்டபூர்வ வாரிசு உரிமம் பெற 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வழிவகுக்கின்றன. அதே நிலத்தில் பல்லாண்டுகள் சேர்ந்து உழைத்த தன்பாலின இணையர் வாரிசாகக் கருதப்படுவதில்லை. அந்நியராகவே விண்ணப்பிக்க வேண்டும். 2018-இல் அவ்வுறவு குற்றமன்று என்ற உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் திருமண ஏற்பை வழங்க மறுத்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், இணையர் உறவைத் திருமணமாகவோ அதையொத்த பிணைப்பாகவோதான் காண்கிறது. தன்பாலின இணையரின் வீட்டில் நிகழும் வன்முறை அச்சட்டத்தின் கண்ணில் படுவது அரிது. பதிவாகாத வன்முறையை எந்தப் பின்னணிச் சோதனையும் கண்டறியாது. ஆக, உரிமையும் பாதுகாப்பும் ஒருசேர நழுவுகின்றன.

குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. துப்பாக்கிகள் பெருகுவதை நான் விரும்பவில்லை. அரசு அளந்து வழங்கும் அரிய பொருளுக்கு, அளவுகோல் அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். வாரிசு என்ற சொல்லுக்கு விதிகளில் புதிய விளக்கம் தருவது அதற்கு முதற்படி.