கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இந்த வாரம் ஒரே ஒரு லெட்டர்தான். குடுமியான்மலையிலிருந்து, பி.காம் ஃபைனல் இயர் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க.

‘அண்ணா, திருச்சியில ஒரு ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கு. ஜூன்ல சேரணும். லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கினா சம்பளத்துல பாதி அதுக்கே போயிடும். “சொந்த வீடு இருக்கறப்ப எதுக்கு வாடகை? தினமும் போயிட்டு வா”ங்கிறாங்க அம்மா. என்னால முடியலேன்னா, “சரி, வேலையே வேணாம்”னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?’

அந்தக் கடைசி வரியில்தான் மேட்டரே இருக்கு. வாடகை மிச்சமாகுமா என்பது சின்னக் கேள்வி. வேலை நிலைக்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

நானும் இந்த விளையாட்டை ஆடியிருக்கேன். புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து திருச்சிக்கு எட்டு மாசம் தினமும் போய் வந்த ஆள். முதல் மாசம் சூப்பர். ஜன்னல் சீட், வாடகை இல்லை, ராத்திரி வீட்டுச் சாப்பாடு. மூணாவது மாசம் ஒரு நாள், கிளம்புகிற நேரத்தில் மீட்டிங் போட்டார்கள். புதுக்கோட்டையில் வந்து இறங்கினால், எங்க ஊர் கடைசி பஸ் போயாச்சு. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் கொசுக்கடியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். நான் பையன், அதனால் இன்னைக்கு இதைச் சிரிச்சுக்கிட்டே எழுதறேன். ஒரு பொண்ணுக்கு இது நடந்தால், மறுநாள் காலையில் வீட்டில் என்ன பேச்சு வரும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டை 20 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சி 50 சொச்சம். மொத்தம் எழுபதை ஒட்டி. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணமும் கிட்டத்தட்ட இதே தூரம்தான், 69 கிலோமீட்டர். ஆனா அரக்கோணத்திலிருந்து ஆயிரக்கணக்கான பேர் தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் வர்றாங்க. அவங்க கால் நம்ம காலைவிட ஸ்ட்ராங்கா? இல்லை பாஸ். அங்கே விடியறதுக்கு முன்னாடியிலிருந்து ராத்திரி வெகுநேரம் வரை லோக்கல் ரயில் ஓடுது. ஒண்ணு போனால் இன்னொண்ணு. சென்னை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே எலெக்ட்ரிக் ரயில் வந்தது 1931ல். அதுக்கப்புறம்தான் அந்த லைனில் இருக்கிற ஊர்களில் குடியிருந்துக்கிட்டு சிட்டியில் வேலை பார்க்கிறது சுலபமாச்சு. ஆக, ஒரு ஊர் ‘பக்கமா, தூரமா’ என்பதைக் கிலோமீட்டர் கல் சொல்லாது. டைம் டேபிள்தான் சொல்லும்.

நம்ம ஊர் நிலைமை வேற. குடுமியான்மலைக் கோயில் பாறையில் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய இசைக் கல்வெட்டை, ஆயிரத்து முந்நூறு வருஷம் கழிச்சும் போய்ப் பார்க்கலாம். அடுத்த பஸ் எப்பன்னு கேட்டால் மட்டும் டீக்கடைக்காரர் வாயைத்தான் பார்க்கணும்!

இப்ப நேரத்தைக் கூட்டுங்க. குடுமியான்மலை டு புதுக்கோட்டை முக்கால் மணி நேரம், பஸ் மாற கால் மணி நேரம், திருச்சி போக ஒன்றரை மணி நேரம்னு வெச்சுக்குவோம். 2025ல் திருச்சி பஞ்சப்பூரில் புது பஸ் முனையம் திறந்தாங்க. அது ஊருக்கு வெளியே மதுரை ரோட்டில் இருக்கு. அங்கே இறங்கினால் சிட்டிக்குள்ளே போக இன்னொரு பஸ். அதுக்கு அரை மணி. ஒரு நடைக்கு மூணு மணி நேரம், போக வர ஆறு. மாசம் 25 நாள் வேலைன்னா 150 மணி நேரம். அதாவது ராத்திரி பகல் சேர்த்து ஆறு நாளுக்கு மேல் பஸ்ஸிலேயே குடித்தனம்! இத்தாலிக்காரர் செசாரே மார்க்கெட்டி 1994ல் ஒரு கட்டுரை எழுதினார். எந்தக் காலத்திலும் மனுஷங்க பயணத்துக்குச் செலவழிக்கிறது சராசரியா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்பது அதன் சாரம். நீங்க ஆறு மடங்கு ஓட்டப் பார்க்கறீங்க.

அப்போ சம்பளத்தில் பாதியை ஹாஸ்டலுக்கே அழணுமா? அவசரப்படாதீங்க. வீட்டுக்கும் சிட்டிக்கும் நடுவே ஊர்கள் இருக்கே!

கீரனூர்: திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே. ரோடும் உண்டு, ரயில்வே ஸ்டேஷனும் உண்டு. ஒண்ணு கைவிட்டால் இன்னொண்ணு.

விராலிமலை: மதுரை ரோட்டில், திருச்சிக்கு சுமார் 30 கிலோமீட்டர். அதே ரோட்டில்தான் பஞ்சப்பூரும். ஆனால் நிற்காமல் பைபாஸில் பறக்கிற பஸ்ஸும் உண்டு. எது உள்ளே வரும்னு கண்டக்டரிடம் கேட்டுட்டு ஏறணும்.

புதுக்கோட்டை: 2024ல் மாநகராட்சியே ஆயிடுச்சு. ரயில், பஸ் ரெண்டும் இருக்கு. உங்க ஊருக்கும் பக்கம்.

ரயில் என்றால் சீசன் டிக்கெட் எடுங்க. ஒரு மாசம் முழுக்கப் போய் வர, சுமார் பதினைந்து சிங்கிள் டிக்கெட் காசுதான் ஆகும். படிக்கிற பசங்களுக்கு அதிலும் பாதி. ஆனால் ரிசர்வேஷன் பெட்டியில் ஏறினால் ஃபைன், ஜாக்கிரதை! பெண்களுக்கு 2021 மே மாசம் வந்த இலவசப் பயணம் சாதாரண கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். புதுக்கோட்டை-திருச்சி மொபசல் பஸ்ஸை அதில் சேர்த்துக் கணக்குப் போடாதீங்க. வேலைக்குப் போகிற பெண்களுக்காக அரசு நடத்துகிற ‘தோழி’ விடுதி திருச்சியிலும் இருக்கு. இடம் இருக்கான்னு முதல்ல அங்கே விசாரிங்க.

எந்த ஊரா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, திருச்சியிலிருந்து அந்த ஊருக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு? ஆபீஸ் முடிகிற நேரத்துக்கும் அதுக்கும் நடுவே ரெண்டு மணி நேரமாவது இருக்கா? ரெண்டு, அதைத் தவறவிட்டால் வேற வழி இருக்கா? மூணு, ஸ்டாப்பில் இறங்கி ரூம் வரைக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கு நடக்க முடியுமா? தெரு விளக்கு எரியுதா, திறந்த கடை இருக்கா? பகல் பதினோரு மணிக்குப் போய் ரூம் பார்த்துட்டு வந்தால் இதெல்லாம் தெரியாது. ராத்திரி போய்ப் பாருங்க.

என் யோசனை இதுதான். முதல் ஆறு மாசம் தினமும் ஊரிலிருந்து போகிற ஐடியாவே வேணாம். புது வேலையில் ஒரு மணி நேரம் லேட்டாக்கூட உட்கார வேண்டி வரும். அந்த நேரத்தில் வாட்ச்சைப் பார்த்துப் பதறினால் வேலை கத்துக்க முடியாது. திருச்சியிலோ கீரனூரிலோ ரெண்டு மூணு பேரா ரூம் எடுத்து வாடகையைப் பிரிச்சுக்குங்க. சனிக்கிழமை சாயந்தரம் அம்மா கையால் சாப்பாடு. மாசக் கடைசியில் கையில் கொஞ்சம் கம்மியா நிற்கும்தான். ஆனா ஒரு வருஷம் முடியும்போது வேலை கையில் இருக்கும்.

அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது? வாதாடவே வேணாம். ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கிட்டு காலையில் முதல் பஸ்ஸைப் பிடிங்க. திருச்சி போய் ஆபீஸ் வாசலைக் காட்டுங்க. மலைக்கோட்டை ஏறுங்க, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்க. சாயந்தரம் ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு அங்கிருந்து கிளம்பி, பஸ் மாறி மாறி வீடு வந்து சேருங்க. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, “தினமும் இப்படியா போகப் போற?”ன்னு அம்மாவே கேட்பாங்க.

அப்போ கீரனூர் பேச்சை எடுங்க. ஜூன் மாசம் எந்த ஊரிலிருந்து வேலைக்குப் போறீங்கன்னு மறக்காம எழுதுங்க தங்கச்சி!