வானில் விட்டால் போதுமா?

சிறிய செயற்கைக்கோளை வானில் விடுவது ஒரு நாள் செலவு. விட்ட பிறகு அதைக் கவனிப்பதோ தினச் செலவு! ஏரியல் வேண்டும். ஆள் வேண்டும். சம்பளம் வேண்டும். இந்தக் கணக்கை முதலிலேயே போடவேண்டும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள் "ஆஸ்கார்-1" என்ற கோளைத் தாங்களே செய்தார்கள். எடை சுமார் 4½ கிலோ. ராணுவ ராக்கெட் ஒன்றில், பாரம் சரிக்கட்ட வைக்கும் கட்டிக்குப் பதிலாக அது ஏறியது. 1961 டிசம்பர் 12-ந் தேதி பறந்தது.

அது பேசியது ஒரே வார்த்தை: "ஹாய்". தந்தி பாஷையில் முதலில் 4 புள்ளி, பிறகு 2 புள்ளி. அதிலே ஒரு யுக்தி! கோளின் உள்ளே இருக்கும் சூட்டுக்கு ஏற்றபடி புள்ளிகளின் வேகம் மாறும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் சூடு தெரிந்துவிடும். 28 நாடுகளில் 570-க்கு மேற்பட்டவர்கள் தங்கள் ரேடியோவில் கேட்டு, எழுதி அனுப்பினார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை! சுமார் 3 வாரம் கோள் பேசியது.

படம் அனுப்பும் கோளுக்கு இது போதாதுதான். ஆனால் தாழ்வாகச் சுற்றும் கோள், ஒரு தடவை வந்தால் சுமார் 10 நிமிடமே தலைக்கு மேல் இருக்கும். அதற்காகச் சொந்த நிலையம் எதற்கு? நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடும் நிலையங்கள் இப்போது இருக்கின்றனவே!