பெற்றோருக்கு முதற்படம் எது?

நம் போலாரத்து இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் ஓர் அறையில் ஜப்பானியரின் அனிமே சித்திரப் படங்களில் ஆழ்ந்திருக்க, பெற்றோர் மற்றோர் அறையில், "இந்த வயதிலும் பொம்மைப் படமா?" என்று வருந்தித் தனித்திருக்கின்றனர். அவர்களையும் உடன் அமர்த்த விழையும் பிள்ளைகள், தமக்கு உகந்த நெடுந்தொடரையே, போரும் குருதியுமாக, முதல் நாளே காட்டிவிடுகின்றனர். பெற்றோர் எழுந்து போய்விடுகின்றனர்.

அறிந்த கதையிலிருந்து தொடங்குவதே முறை என்பது நம் கருத்து. ஜப்பானியரான யூகோ சாகோ, நம் நாட்டு ராம் மோகனுடன் சேர்ந்து, இராமாயணத்தையே 1992இல் அனிமேயாக்கி முடித்தார். 2025 ஜனவரியில் அது தமிழ்க் குரலுடனும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. கதையறிந்த அன்னைக்குச் சித்திரத்தின் போக்கு மட்டுமே புதிது.

அடுத்து, மியாசாகியின் 'டோட்டோரோ' (1988). தாய் நோயுற்று மருத்துவமனையில் இருக்க, தந்தையுடன் புதிய ஊருக்குக் குடிபெயரும் இரு சிறுமியரின் கதை. ஊர்விட்டு வந்த நமக்கு அதனை விளக்கவும் வேண்டுமோ? அதனுடன் சேர்த்தே ஜப்பானில் திரையிடப்பட்ட 'மின்மினிகளின் கல்லறை' போர்க்காலப் பசியையும் சாவையும் காட்டுவது. அதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

படம் முடிந்ததும், "அம்மா, உங்கள் இளமையில் விரும்பிய படம் எது?" என்று கேளுங்கள். அதனையும் உடனமர்ந்து காணுங்கள். அப்பொழுதுதான் இரண்டு அறைகளும் ஒன்றாகும்.