இரண்டு முடி காட்டிய கல்லறை!

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் கோப்பர்நிகஸ். பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அவருடைய கல்லறை எது என்பது 450 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் இருந்தது! அந்த மர்மம் விலகிய ஊருக்குத்தான் இந்த வாரம் போகப் போகிறோம்.

ஊரின் பெயர் ஃப்ரோம்போர்க். போலந்தின் வடக்கே, விஸ்துலா காயலின் கரையில் இருக்கும் குட்டி ஊர். மேட்டின் மேல் செங்கல் மதில். அதற்குள் 14-ம் நூற்றாண்டில் கட்டிய பேராலயம். அதன் நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றினார் கோப்பர்நிகஸ். அப்போது தொலைநோக்கி கிடையாது. வெறும் கண்ணும் சில கருவிகளும்தான். காயலிலிருந்து எழும் மூடுபனி வேறு வானத்தை மறைத்துவிடும். 1543-ல் அவருடைய புத்தகம் அச்சாகி வந்தது. அதே ஆண்டு மே மாதம் காலமானார். பேராலயத் தரைக்கடியில் பெயர்கூடப் பொறிக்காமல் அடக்கம் செய்துவிட்டார்கள்.

2005-ல் அங்கே தோண்டிய ஆய்வாளர்களுக்கு ஒரு முதியவரின் மண்டை ஓடு கிடைத்தது. அது அவருடையதுதான் என்று எப்படி நிரூபிப்பது? இங்கேதான் பழைய கொள்ளை ஒன்று கைகொடுத்தது. 17-ம் நூற்றாண்டில் ஸ்வீடன் படை அவருடைய புத்தகங்களை அள்ளிச் சென்றிருந்தது. உப்சலாவில் இருந்த அவற்றில் ஒன்றின் பக்கங்களுக்கிடையே சில முடிகள்! அவற்றில் இரண்டின் மரபணு, மண்டை ஓட்டின் பல்லோடு பொருந்தியது. 2010 மே 22 அன்று முழு மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள். ஒருகாலத்தில் அவர் புத்தகத்துக்குத் தடை போட்ட அதே திருச்சபை! கறுப்புக் கல்லில் தங்கச் சூரியனும் ஆறு கோள்களும் இன்று அவருக்குக் காவல்.

இரண்டாம் உலகப் போரில் ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. கோப்பர்நிகஸின் 500-வது பிறந்த ஆண்டான 1973-க்குள் ஊரை நிமிர்த்த வேண்டும் என்று, 1966 முதல் போலந்தின் சாரணச் சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கில் வந்து உழைத்தார்கள்.

போனால் மணிக்கூண்டைத் தவறவிடாதீர்கள். உள்ளே பூமி சுழல்வதைக் கண்ணால் காட்டும் பெண்டுலம் தொங்குகிறது. மேலே ஏறினால் காயல் முழுக்கத் தெரியும். க்டான்ஸ்க் நகரிலிருந்து சாலை வழியே சுமார் 90 கி.மீ. தூரம்தான்.

வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது!