எரியாத காட்டுக்கு எதற்கு சார் செலவு?

காட்டுத் தீயை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் குடிநீருக்கு நிஜமான ஆபத்து ஆரம்பிக்கிறது. நம்பக் கஷ்டமாக இருந்தால், டென்வர் நகரத்துக்குப் போய்விட்டு வரலாம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குத் தலைநகரம் அது. அந்த ஊர்க் குழாய்களில் வருகிற தண்ணீரில் சுமார் 80 சதவிகிதம், ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் என்கிற ஒரே ஒரு நீர்த்தேக்கத்தைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். 1983-ல் கட்டிய அணை. சவுத் பிளாட் நதி மலையிலிருந்து இறங்கி வருகிற பாதையில், குறுகலான ஒரு பள்ளத்தாக்கில் நிற்கிறது. மேலே, கண்ணுக்கெட்டிய தூரம் பைன் காடு.

1996 மே மாதம், அந்தக் காட்டில் பஃபலோ க்ரீக் என்ற இடத்தில் தீப்பிடித்தது. சுமார் 12 ஆயிரம் ஏக்கர் காலி. அணைத்துவிட்டார்கள். 'அப்பாடா' என்று மூச்சு விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜூலை 12-ம் தேதி மழை. ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை அங்குலம். நல்ல மழைதான், ஆனால் பிரளயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மலைச்சரிவிலிருந்து சாம்பல், மண், கல், கருகிய மரம் எல்லாம் கலந்து கறுப்பாக ஒரு வெள்ளம் வந்து, இரண்டு பேரை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சச் சேறு நேராக நீர்த்தேக்கத்தில் போய் உட்கார்ந்தது.

இதை என் பக்கத்து மேஜை நண்பரிடம் சொன்னேன். ''அதெப்படி சார்? தீயில எரிஞ்சது மரம்தானே? மண்ணுக்கு என்ன ஆச்சு?'' என்றார். அக்கவுன்ட்ஸ் ஆசாமி. எதையும் வவுச்சர் இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மண்ணுக்கு ஆவது இதுதான். நல்ல காட்டின் தரை ஒரு ஸ்பாஞ்ச். இலைச்சருகு, மக்கு, வேர் எல்லாம் சேர்ந்து, பெய்கிற மழையை நிதானமாக உறிஞ்சி உள்ளே அனுப்பும். பெருந்தீ வந்தால் முதலில் இந்த ஸ்பாஞ்ச் போய்விடுகிறது. அடுத்த வேலை இன்னும் மோசம். இலையிலும் சருகிலும் இருக்கிற மெழுகுப் பொருள்கள் சூட்டில் ஆவியாகின்றன. அதில் ஒரு பகுதி கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கி, ஆறின இடத்தில் மண் துகள்கள் மேல் படிந்துவிடுகிறது. மேல் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுத்தாள் விரித்த மாதிரி. அதன் மேல் மழை பெய்தால் தாமரை இலைத் தண்ணீர்தான். உள்ளே போகாமல் அப்படியே சரிவில் ஓடும். ஓடும்போது சும்மா ஓடுமா, மேலே இருக்கிற சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும்.

வாரிக்கொண்டு வந்தது வெறும் அழுக்கு என்றால் வடிகட்டிவிடலாம். சாம்பலோடு பாஸ்பரஸ் வருகிறது. அது பாசிக்குப் பாயசம். கரைந்த கரிமப் பொருள்கள் வருகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறோமில்லையா, அது இவற்றோடு சேர்ந்தால் உடம்புக்கு ஆகாத வேறு சில ரசாயனங்கள் உண்டாகின்றன. ஆக, மருந்தே வம்பு.

''சரி சார், ஒரு தடவை பட்டாச்சு. உஷாரா இருந்திருப்பாங்களே?'' என்றார் நண்பர்.

இருந்திருக்கலாம். 2002 ஜூன் மாதம் ஹேமன் தீ வந்தது. கடுமையான வறட்சி. காட்டில் நெருப்பே மூட்டக்கூடாது என்று தடை. தடையை மீறுகிறவர்களைப் பிடிக்க ரோந்து சுற்றும் வனத்துறை ஊழியர் ஒருவர்தான் தீயை வைத்தவர் என்று பிறகு தெரிந்தது! (வேலியும் பயிரும் என்று நம் ஊரில் சொல்வதை அந்த ஊரிலும் சொல்வார்களா, தெரியவில்லை.) ஒரே நாளில் சுமார் 60 ஆயிரம் ஏக்கர். எல்லாம் முடிந்தபோது 1 லட்சத்து 38 ஆயிரம் ஏக்கர்.

இரண்டு தீயிலுமாகச் சேர்த்து நீர்த்தேக்கத்தில் வந்து விழுந்த மண் பத்து லட்சம் கன கஜத்துக்கு மேல். லாரிக்குப் பத்து கன கஜம் என்று வைத்தால் ஒரு லட்சம் லாரி லோடு. தூர் வாரவும், தண்ணீரைச் சுத்தம் செய்யவும், சரிவுகளைச் சரிக்கட்டவும் டென்வர் குடிநீர் வாரியத்துக்கு ஆன செலவு 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். இதில் மனித உயிர்க் கணக்கு சேரவில்லை.

தீக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பது ஒரு தனிக் கூத்து. முதல் மழைக்குள் வேலையை முடிக்க வேண்டும். எந்தச் சரிவு எவ்வளவு கருகியிருக்கிறது என்று சாட்டிலைட் படம் பார்த்து வரைபடம் போடுகிறார்கள். பிறகு, ஹெலிகாப்டரில் வைக்கோல் கட்டிக்கொண்டுபோய் மேலிருந்து தூவுகிறார்கள்! சிரிக்காதீர்கள். மழைத்துளி மண்ணை நேராக அடிக்காமல் தடுப்பதற்கு இதைவிட மலிவாக ஒன்று கிடைக்கவில்லை. புல் விதை தூவுவது அவ்வளவாகப் பலன் தரவில்லை. விதை முளைப்பதற்குள் மழை வந்து விதையையே கொண்டுபோய்விடுகிறது. வைக்கோலிலும் தொல்லை உண்டு. காற்றில் பறக்கும், அல்லது களைவிதையைக் கூட்டி வரும்.

இவ்வளவு பட்ட பிறகுதான் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. தீக்குப் பிறகு கொட்டுகிற பணத்தைத் தீக்கு முன்னால் செலவு செய்தால் என்ன? அந்த மலையில் இருக்கிற பாண்டெரோஸா பைன் மரத்துக்குத் தடிப்பான பட்டை. சின்னத் தீ அதை ஒன்றும் செய்யாது. பழைய காலத்தில் அவ்வப்போது தரையோடு ஒரு சின்னத் தீ வந்து சருகையும் குட்டி மரங்களையும் தின்றுவிட்டுப் போகும். பெரிய மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இருபதாம் நூற்றாண்டில் மனிதன் அக்கறையாக ஒவ்வொரு தீயையும் அணைத்தான். குட்டி மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்து, தரைத் தீ உச்சிக்கு ஏற ஏணி கட்டிக் கொடுத்தன.

அந்த ஏணியை வெட்டுவதற்காக 2010-ல் குடிநீர் வாரியமும் மத்திய வனத்துறையும் ஒப்பந்தம் போட்டன. ஆளுக்குப் பாதி, மொத்தம் 3 கோடியே 30 லட்சம் டாலர், ஐந்து வருஷம், 38 ஆயிரம் ஏக்கருக்கு மேல். வாரியத்தின் பங்கு தண்ணீர் பில்லில் ஏறியது. சராசரி வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 27 டாலர்.

நண்பர் விடவில்லை. ''எரியாத காட்டுக்கு எதுக்கு சார் செலவு? ஆடிட்டுல கேட்டா என்ன பதில் சொல்றது?''

எல்லா ஆபீஸிலும் சிக்கல் இதுதான். தீ வந்தால் அவசர நிதி, அலறிக்கொண்டு வரும். தீ வராமலிருக்க நிதி கேட்டால், ஃபைல் மெதுவாக மேஜை மாறும். நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. எல்.ஐ.சி. ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

அதற்காக, முன்னெச்சரிக்கை என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2012 மார்ச்சில், அதே மலைப்பகுதியில் குடிநீர் வாரியத்துக்குச் சொந்தமான நிலத்தில், மாநில வனத்துறை திட்டமிட்டுச் சின்னத் தீ வைத்தது. பெருந்தீ வராமல் தடுப்பதற்காக! நாலு நாள் கழித்து பலத்த காற்று அடித்தது. கனன்றுகொண்டிருந்த நெருப்பு கிளம்பிவிட்டது. மூன்று பேர் இறந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மாநில அரசு இந்த வகைத் தீ வைப்பை அப்போது நிறுத்திவைத்தது. வீட்டை இழந்தவரிடம் போய் 'சருகு தின்னும் சின்னத் தீ' என்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் வராது. ஆனால், செய்யாமல் விட்ட காட்டின் பெயர் ஹேமன். இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறது.

சேறு தொல்லை இல்லாத ஊரிலும் தீ வேறு விதமாக வட்டி கேட்கும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் நீர்ப்பிடிப்புக் காடுகளில் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் வகை உண்டு. 1939-ல் பெருந்தீயில் செத்து, விதையிலிருந்து புதிதாக முளைத்தது. வளர்கிற பையன்கள் சோறு கேட்கிற மாதிரி இளங்காடு தண்ணீர் கேட்கும். சில பத்து வருஷங்களில், காட்டிலிருந்து அணைக்கு வருகிற தண்ணீர் பாதியாகக்கூடக் குறையலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய அளவுக்குத் திரும்ப நூறு வருஷத்துக்கும் மேலாகும்.

கொலராடோவில் குட்டி மரங்களை வெட்டும் வேலை தொடர்ந்தது. 2017-ல் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். வெட்டிய கிளைகளை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். தரையில் பனி விழுந்து, காற்றும் அடங்கியிருக்கிற நாளாகப் பார்த்து, கூடவே ஆள் நின்று, ஒவ்வொரு குவியலாகக் கொளுத்துகிறார்கள்.